முப்பது நாள் விருந்தாளி

நாட்றம்பள்ளிக்காரனுக்கு எல்லை ஒன்றும் புதிதில்லை. வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. மேற்கே நெடுஞ்சாலையைப் பிடித்தால் பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டிக் கர்நாடகம். ஜோலார்பேட்டையில் பெங்களூர் வண்டி ஏறினால் பச்சூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் பலகையில் தெலுங்கு வந்துவிடும். வேறு மாநிலத்துக்கு வந்துவிட்டோம் என்று யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. குப்பத்தில் பெண் எடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, கடையில் தமிழ், வாணியம்பாடி தோல் மண்டிக்குப் போனால் உருது என்று வாழ்கிற ஊர் இது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகளும் போய்விட்டன.

எல்லை என்று ஒன்று இருப்பது எங்கள் பக்கத்துக்கு உறைத்தது கொரோனா காலத்தில்தான். 2020 ஏப்ரலில் வேலூர் மாவட்ட நிர்வாகம் சித்தூர் பக்கம் போகும் இரண்டு சாலைகளின் குறுக்கே சுவரே கட்டிவிட்டது. ஊரெல்லாம் பேச்சானதும் ஓரிரு நாளில் இடித்தும் விட்டார்கள். எல்லை என்றால் இவ்வளவுதான், கட்டினால் உண்டு, இடித்தால் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

கோடு தரையில் இல்லை, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவரின் பார்வையில் இருக்கிறது என்பதை வேறோர் இடத்தில், வேறொரு வயதில்தான் பார்த்தேன்.

2025 பிப்ரவரித் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் பினாங்குக்குப் போனோம். மாப்பிள்ளைக்கு அங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. மகளுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை. சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ நேர் விமானம் விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலத்தில் ராஜுலா கப்பல் மதராசிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கிளம்பிப் பல நாள் அலைந்து போன வழியை, ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் கடந்துவிட்டோம்.

விசா வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே வந்து முப்பது நாள் வரை தங்கலாம் என்று மலேசியா அறிவித்தது. அந்தச் சலுகை 2026 கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். சென்னை விமான நிலையத்தில் மட்டும் என் மனைவியின் பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் புரட்டினார்கள். அவள் எட்டாவதோடு நின்றவள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று வரும். வேலைக்குப் போவதற்கு முன் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டியவர் என்று பொருள். அப்படி அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு, தாய்லாந்தும் உண்டு. சுற்றுலா போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை என்றாலும், திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். காட்டினோம். விட்டார்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்ம ஊர்க் கணக்கு. மலேசியா முப்பது நாள் கொடுக்கிறதே என்று கிளம்பும்போது பெருமையாகத்தான் இருந்தது. பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ளப் போன வீட்டில் அந்த நாட்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்து இருப்பதாகச் சொல்லியிருந்த சம்பந்தியம்மாளுக்கு முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மகளுக்குத் தையல் போட்ட இடத்தில் வலி முழுதாக அடங்கவில்லை. மார்ச் பிறந்தது, எங்கள் பாஸ் முடியும் தேதி பக்கத்தில் வந்து நின்றது.

உள்ளே இருந்தபடியே நீட்டிக்க வழி இல்லையா என்று மாப்பிள்ளை விசாரித்தார். நோய், விபத்து மாதிரித் தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலொழிய விசிட் பாஸை நீட்டிக் கொடுப்பதில்லை என்றார்கள். மகளின் தையல் வலி எங்கள் நோய் ஆகாது. பெரிய சம்பளத்து எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் பெற்றோருக்கு நீண்டகால விசிட் பாஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வருவதற்குள் எங்கள் தேதி போய்விடும்.

இதற்கு நடுவில் இன்னொரு வேடிக்கை. மலேசியாவில் பிறந்ததாலேயே ஒரு குழந்தை மலேசியக் குடிமகள் ஆகிவிடாது. தாய் தகப்பனில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தர வசிப்பிட உரிமையோ வைத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஆகவே பேத்தியின் பிறப்பை இந்தியத் தூதரகத்தில் பதிந்து, இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, அதில் மலேசிய பாஸ் வாங்க வேண்டும். அந்த ஊரைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாத ஒருத்தி, அந்த ஊரில் இருக்க அனுமதி கேட்டுக் காத்திருந்தாள். போட்டோ எடுக்க வந்தவர், குழந்தை கண்ணைத் திறந்திருக்க வேண்டும், பின்னால் வெள்ளைத் துணி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவள் கண் திறப்பதற்காகக் கட்டிலோரம் குனிந்தே நின்றார். என் மனைவி பாதத்தில் சுண்டிச் சுண்டிப் பார்த்தாள். பேத்தி அசையவே இல்லை.

எங்களுக்கு வழி சொன்னது எதிர் ஃப்ளாட் அம்மாள். பினாங்குத் தமிழர், மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறவர். "இதுக்குப் போயி ஏன் மண்டைய ஒடச்சிக்கிறீங்க அண்ணே? பாடாங் பெசார் போயி, ஹாட்யாய்ல தங்கிட்டு, சாப்பு அடிச்சிட்டு வந்துருங்க. எத்தனை வெள்ளி ஆவப்போவுது?" என்றார். பாடாங் பெசார் தாய்லாந்து எல்லை ஸ்டேஷன், ஹாட்யாய் அதைத் தாண்டிய தாய்லாந்து ஊர். அங்கே பினாங்கில் முத்திரை குத்துவது சாப்பு, ரிங்கிட் என்பது வெள்ளி. போன உடனே திரும்பாதீர்கள், இரவு தங்கி வாருங்கள், ஊர் திரும்பும் டிக்கெட்டைப் புதுத் தேதிக்கு மாற்றி அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். சட்டப்படி தவறா என்று கேட்டேன். "வெளிய போறது தப்பில்ல, உள்ள வரக் கேக்கறதும் தப்பில்ல. குடுக்கறதா வேணாமான்னு அவன் பாத்துக்குவான்" என்றார். இந்த விவகாரம் முழுவதையும் இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பட்டர்வொர்த்தில் கொமியூட்டர் ரயில் ஏறினோம். சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் என்று வடக்கே போகும் பாதை. கெடா மாநிலம் மலேசியாவின் நெற்களஞ்சியம். அறுவடை முடிந்த வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையாகக் கிடந்தன. பெர்லிஸ் மாநிலத்துக்குள் நுழைந்ததும் சுண்ணாம்புக் குன்றுகள் வயலிலிருந்து திடீரென்று செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. ஏலகிரியைப் பார்த்தே வளர்ந்த என் மனைவி, "மலைன்னா ஒரு சரிவு வேணாமா? கொண்டாந்து நட்ட மாதிரி இருக்குது" என்றாள். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, பாடாங் பெசார் வந்துவிட்டது.

கம்பிவேலி, துப்பாக்கிக்காரர்கள் என்று எதையோ எதிர்பார்த்துப் போனவனுக்கு அந்த ஸ்டேஷன் ஏமாற்றம்தான். மலேசிய மண்ணில் நிற்கும் ஒரே கட்டடம். அதற்குள் மலேசியக் குடிநுழைவு மேசை, சில எட்டு வைத்தால் தாய்லாந்து மேசை. மலேசியாவை விட்டு வெளியேறினேன் என்று ஒருவர் முத்திரை குத்துகிறார். தாய்லாந்துக்குள் வந்துவிட்டேன் என்று அடுத்தவர் குத்துகிறார். கால் என்னவோ இன்னும் மலேசியாவில்தான் இருக்கிறது. அசல் எல்லைக்கோடு இன்னும் கொஞ்சம் வடக்கே. தாய்லாந்து அப்போது இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அறுபது நாள் கொடுத்துக்கொண்டிருந்தது. என் பாஸ்போர்ட்டில் ஒரு நாட்டுக்குப் பின் அடுத்த நாடு விழுந்த நேரம், ஒரு டீ ஆறும் நேரம்.

"ஏங்க, இன்னாங்க இது, ஒரே கட்டடத்துல ரெண்டு நாடா?"

"கொஞ்சம் மெல்லப் பேசு."

"மணிய வேற ஒரு மணி நேரம் கொறைக்கச் சொல்றாங்க. அப்ப நாம இன்னும் இங்க வந்தே சேரலியா?"

தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால். அவள் கணக்கு சரிதான். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பையன் சட்டென்று திரும்பிச் சிரித்தான். 'இன்னாங்க'வைக் கேட்டபின் ஊரைச் சொல்ல வேண்டுமா? "நீங்க எந்த ஊருங்க?" என்றான். நாட்றம்பள்ளி என்றேன். "நான் ஆலங்காயம் பெரியப்பா" என்றான்.

ஹாட்யாய்க்குப் போகும் தாய்லாந்து ரயிலுக்கு நேரம் இருந்தது. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, அந்தத் தண்டவாளம் வடக்கே வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த எல்லை 1909இல் பிரிட்டனும் சயாமும் போட்ட ஒப்பந்தத்தில் வந்தது. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் அதற்கு முன் சயாமின் ஆதிக்கத்தில் இருந்தவை. இரண்டு பக்க ரயில்பாதையும் இங்கே இணைந்தது 1918இல். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் இதே பாதையில் தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து ஏற்றிப்போனார்கள். 1942, 43இல் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் பேரை, பெரும்பாலும் தமிழர்களை, சயாமின் பான் பொங் வரை ரயிலில் கொண்டுபோய் இறக்கினான். அங்கிருந்து காட்டுக்கு நடை. காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் எங்கள் பழைய வடஆர்க்காடும் முக்கியமானது. கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு அதைத் தடுத்து நிறுத்தும்வரை நடந்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் மலாயாவிலிருந்து திரும்பி வந்த ஒரு தாத்தா இருந்தார். சயாம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். அவரிடம் பாஸ்போர்ட் இருந்திருக்காது, முப்பது நாள் கணக்கும் இருந்திருக்காது. அவரை எல்லை தாண்டவைத்தவன் அவரிடம் எதையும் கேட்கவில்லை. மேசையில் ஒருவர் உட்கார்ந்து என்னை நாலு கேள்வி கேட்பதை அதற்குப் பிறகு நான் குறையாக நினைக்கவில்லை.

ஹாட்யாய் ஒரு மணி நேரப் பயணம். ஜன்னல் திறந்த டீசல் வண்டி, ரப்பர் தோட்டங்கள், காற்றில் ஈரம். ஊருக்குள் கால் வைத்தால் கேட்பது பாதி மலேசியப் பேச்சு. சனி, ஞாயிறில் சாமான் வாங்கவும் சாப்பிடவும் அவர்கள் எல்லை தாண்டி வருகிற ஊர் அது. கிம் யோங் சந்தையில் முந்திரியும் கருவாடும் மிட்டாயும் குவித்து வைத்திருக்கிறார்கள். தெரு ஓரத்தில் கோழி பொரிக்கிறார்கள். பொன்னிறமாகப் பொரித்த சின்ன வெங்காயத்தை அதன்மேல் கை நிறைய அள்ளிப் போடுகிறார்கள். அந்த வாசனை தெருமுனை வரை வருகிறது. "நம்ம வெங்காயந்தான், இன்னும் ஒரு கை போடச் சொல்லுங்க" என்று என் மனைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

நான் செருப்புக் கடையில் நின்றுவிட்டேன். தொழில் புத்தி. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் சேர்ந்து, தோல் தரம் பிரிக்கிறவனாக ஓய்வு பெற்றவன் நான். அசல் தோல் என்று சீட்டு ஒட்டியிருந்த ஒரு ஜோடியை எடுத்து வெட்டு விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். தோல் என்றால் விளிம்பில் நார் நாராகத் தெரியும். இதில் மேலே ஒரு மெல்லிய பூச்சு, அடியில் துணி. மடக்கினால் தோலில் நுண்ணிய சுருக்கம் விழுந்து விரித்ததும் மறையும். இது மடக்கிய இடத்தில் கோடாக நின்றது. கடைக்காரி கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டினாள். நான் தலையாட்டியதும் குறைத்துத் தட்டினாள். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பும் நாளில் மீண்டும் அதே ஸ்டேஷன். தாய்லாந்து மேசையில் ஒரு நொடியில் வெளியே அனுப்பிவிட்டார்கள். மலேசிய மேசையில் வரிசை மெதுவாக நகர்ந்தது. நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. உதடு காய்ந்த ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். தோல் கம்பெனியில் தரம் பிரிக்கும் மேசையில் நான் நின்ற மாதிரியே அவர் வேலை செய்தார். ஒவ்வொன்றையும் ஒரே வேகத்தில் எடுத்து, முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு பார்த்து, சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் கை நிற்கும். நின்றால் அந்தத் தோல் வேறு அடுக்குக்குப் போகும்.

என் பாஸ்போர்ட்டில் கை நின்றது. போன மாத முத்திரையில் விரலை வைத்து, "மறுபடி ஏன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பேத்தி என்றேன். மாப்பிள்ளையின் பாஸ் நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஏப்ரல் முதல் வாரத்துக்கு மாற்றிய விமான டிக்கெட் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். என் மனைவி கேட்காமலே கைபேசியை நீட்டி, கண்ணை மூடியிருந்த குழந்தையின் படத்தைக் காட்டினாள். அவர் படத்தை ஒரு தரம், டிக்கெட்டை இரண்டு தரம் பார்த்தார். படத்தால் கிடைத்தது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். டிக்கெட்டால் கிடைத்தது என்பது என் கட்சி. முத்திரை விழுந்தது: மறுபடி முப்பது நாள்.

ஆலங்காயத்துப் பையன் எங்களுக்கு இரண்டு பேர் பின்னால் நின்றிருந்தான். போகும்போது ரயிலில் கதை சொல்லியிருந்தான். அவனும் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தவன். ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றதும், விசா வேண்டாமே என்று கிளம்பி வந்திருக்கிறான். ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறான். வலது கட்டைவிரலில் கட்டிங் கத்தி ஏற்றிய பழைய காய்ப்பு. முழங்கை வரை புதிதாக எண்ணெய் தெறித்த புள்ளிகள். கையைப் பார்த்தாலே அவன் இரண்டு வேலையும் தெரிந்தது. ஏற்கெனவே இப்படி எல்லை போய் வந்தவன். "ஒண்ணும் பண்ண மாட்டாங்க பெரியப்பா, சுத்திப் பாக்க வந்தேன்னு சொன்னா போதும்" என்று எனக்குத் தைரியம் சொன்னவனே அவன்தான்.

அவன் பாஸ்போர்ட்டைப் புரட்டிய கை நெடுநேரம் நின்றது. எங்கே தங்கினாய், எங்கெங்கே சுற்றிப் பார்த்தாய், கையில் எவ்வளவு பணம், திரும்பும் டிக்கெட் எங்கே. கடைசிக் கேள்விக்கு அவனிடம் காகிதம் இல்லை. பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் ரயில் கிளம்பும்வரை அவன் வெளியே வரவில்லை. மறுநாள் மாப்பிள்ளையின் எண்ணுக்கு வாட்ஸ்அப் வந்தது. உள்ளே விடவில்லை, தாய்லாந்துப் பக்கமே திருப்பி அனுப்பிவிட்டார்கள், பாங்காக் போய் அங்கிருந்து ஊருக்கு விமானம் ஏறப்போகிறான். ரொட்டிக் கடையில் பாதி மாதச் சம்பளமும் துணிப் பையும் நின்றுபோயின.

பாவம்தான். ஆனாலும் அது அவனுக்குக் கெட்டதில் நல்லது என்றார் மாப்பிள்ளை. உள்ளே விட்டு, தேதி முடிந்தும் ஒளிந்து இருந்து பிடிபட்டிருந்தால் மலேசியக் குடிநுழைவுச் சட்டப்படி பத்தாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக் கட்டி ஊர் திரும்ப அரசு அவ்வப்போது சலுகைத் திட்டம் கொண்டுவருகிறது என்றால், சிக்கியவர்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும்!

இருவருக்கும் ஒரே நாட்டுப் பாஸ்போர்ட், ஒரே விதி, ஒரே மேசை. நானும் ஒரு வகையில் நாளை நீட்டிக்கத்தான் எல்லை தாண்டினேன். என் நரையும், என் மனைவியின் மஞ்சள் கயிறும், பேத்தியின் சான்றிதழும் எனக்காகப் பேசின. அவனுக்காகப் பேச அவன் கை மட்டும் இருந்தது. அது உண்மையைப் பேசிவிட்டது. அந்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். நானே ஆயுள் முழுக்க அப்படி ஒரு மேசையில் நின்றவன். முப்பது நாள் என்று விதியில் எழுதியிருப்பது 'முப்பது நாள் வரை' என்பதும், அந்த 'வரை'யை அளக்கும் கோல் ஒவ்வொரு முறையும் அந்த மேசையில்தான் இருக்கிறது என்பதும் அன்றைக்கு விளங்கியது. அடுத்த முறைக்கு இந்த வழி வேண்டாம் என்று முடிவு செய்து, பெற்றோருக்கான நீண்டகாலப் பாஸுக்கு மாப்பிள்ளையை அந்த வாரமே விண்ணப்பிக்கச் சொன்னேன்.

ஊருக்குத் திரும்பியபின் பேருந்து நிலையத்து டீக்கடையில் என்னை நிறுத்தி விசாரிப்பவர்கள் அதிகம். ஷூ கம்பெனி வண்டிக்காகக் காத்து நிற்கும் பையன்கள், அவர்களின் அப்பாக்கள். எல்லாருக்கும் யாரோ ஒரு ஏஜெண்ட் சொல்லியிருக்கிறான்: விசா வேண்டாம், முப்பது நாளுக்கு ஒருமுறை எல்லைக்குப் போய் முத்திரை குத்திக்கொண்டு வந்தால் வருஷக்கணக்கில் இருக்கலாம்.

"உண்மைதானா அண்ணே? போயிட்டு வந்தா மறுபடி குடுக்கறாங்களா?"

"பேத்தியப் பாக்கப் போனியா, குடுக்கறாங்க. வேலைக்குப் போறதுன்னா வேலைக்கான பெர்மிட்ட இங்கயே கையில வாங்கிக்கிட்டுப் போ. அத வாங்கித் தர முடியாதவன் உன்கிட்ட காசு கேட்டான்னா, அந்தக் காசுக்கு ரெண்டு கறவ மாடு வாங்கி கட்டு."

பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் டிக்கெட் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள்.